அன்றைக்கு அடித்த காற்று

பொட்டல்வெளியில் நின்ற பெரிய ரேடியோ ஆன்டெனாவுக்கு, மேலே சுற்றும் செயற்கைக்கோளைக் கண்டாலே ஆகாது. தூரத்துக் கேலக்ஸி ஒன்று காமாக் கதிரைப் பளீரென்று கக்கினால் போதும், செயற்கைக்கோள் ஊரைக் கூட்டிவிடும். பேரும் புகழும் அதற்கே. அந்தக் கேலக்ஸியின் நடுவிலிருந்து பீறிடும் தாரையில் புதிதாக ஏதாவது முளைக்கிறதா என்று மாதக்கணக்கில் கண் வலிக்கப் பார்ப்பது மட்டும் ஆன்டெனாவின் வேலை.

ஒருநாள் மேலிருந்து குரல் வந்தது. “அண்ணே, இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்ல! சீக்கிரம் திரும்புங்க!”

“இங்க காத்து பேயா அடிக்குது தம்பி” என்று, புயல்காற்றில் ஒதுங்குவதுபோல ஆன்டெனா முகத்தை உச்சிவானுக்குத் திருப்பிக்கொண்டது. காலடியில் ஒரு புல்கூட அசையவில்லை.

ஆன்டெனா பார்க்காததால், தாரையின் எந்த இடத்தில் அந்த வெளிச்சம் வெடித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. செயற்கைக்கோள் விடை தெரியாமல் விழித்ததைக் கண்டு ஆன்டெனாவுக்கு உள்ளம் குளிர்ந்தது.

மாதங்கள் கழித்துத் திரும்பிப் பார்த்தால், தாரையில், கேலக்ஸியின் நடுவிலிருந்து வெகுதூரம் தள்ளி ஓர் ஒளிக்கட்டி மங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பெரியதை யாருமே கண்டதில்லை.

“நான் கண்டுபிடிச்சேன்!” என்று கூவியது ஆன்டெனா.

“அடடா! எப்ப பொறந்துச்சுண்ணே? அன்னைக்கு நான் கூப்பிட்டப்பவா?” என்று ஆசையாகக் கேட்டது செயற்கைக்கோள்.

“அன்னைக்குத்தான் காத்து…” என்று இழுத்தது ஆன்டெனா.