முதுகை நீவும் கை

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் பரிசோதனைக் கட்டிலின் மேல் கோடுகோடாகப் போட்டிருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்திருக்கும் வெல்டர், மடியில் பேசினை வைத்துக்கொண்டு குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரிக்கிறார். மனைவி அவர் முதுகை நீவிவிடுகிறாள். மூன்று வருடத்து ஸ்கேன்களும் எண்டோஸ்கோப்பிகளும் தடித்த ஃபைலாக மேசையில் கிடக்கின்றன. எதிலும் ஒரு குறையும் இல்லை. டாக்டரம்மா ஃபைலைத் தொடாமல், அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்க்கிறார். தோல் வலை பின்னியதுபோலச் சிவந்து கறுத்திருக்கிறது. “கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்திக்கிறீங்களா?”

“அப்பத்தான் கொஞ்சம் அடங்குது” என்கிறார் வெல்டர்.

“கஞ்சா எத்தனை வருஷமா?”

அவர் மறுபடி பேசினுக்குள் குனிந்து ஓங்கரிக்கிறார். மனைவிதான் பதில் சொல்கிறாள். “பத்து வருஷமா. வாந்தி வந்ததுலேர்ந்து நான்தான் பத்த வச்சுக் குடுக்கிறேன் டாக்டர். இழுத்தா குமட்டல் நிக்கும்னாங்க. அவருக்குக் கை நடுங்குமில்ல?”

“வாந்தியே அதனாலதாம்மா. கஞ்சாவால வர்ற வாந்திதான் இப்படிச் சுடுதண்ணிக்கு அடங்கும். அதை விட்டாத்தான் இது விடும்.”

டாக்டரம்மா ஊசி மருந்தை எடுக்கத் திரும்புகிறார். முதுகை நீவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்று, மெல்ல விலகுகிறது. வெல்டர் தலையைத் தூக்காமலே பின்னால் துழாவி, அந்தக் கையைப் பிடித்து, இருந்த இடத்திலேயே மறுபடி வைத்துக்கொள்கிறார்.