பொம்மைகளுக்குப் பின்னால் நின்றவள்

பிரவுசிங் சென்டரின் ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றுகிறது. வெளியே சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். மழிக்காத தாடியோடு கொளஞ்சிநாதன் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். திரையில் அவர் எடுத்த படம். முன்வரிசைப் பீங்கான் பொம்மைகளின் கண்மைகூடத் துல்லியமாகத் தெரிகிறது. பின்னால் அவர் மனைவி செல்வநாயகி, ஈரக் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் முகம் கலங்கி, சிரிக்கிறாளா என்றுகூடச் சொல்ல முடியாமல் நிற்கிறாள். கம்பெனிப் பொம்மைகளைப் படம் பிடிக்க முதலாளி தந்த கேமராவில், "நீயும் வந்து நில்லு" என்று கூப்பிட்டு எடுத்தது. அவளுக்கு வேறு படம் கிடையாது. நாளை மறுநாள் கருமாதி. மாலை போட இதுதான் இருக்கிறது.

முகம் தெளிய வழி உண்டா என்று, கேமரா பிரியர்கள் கூடிப் பேசும் இணையக் குழுவில் நேற்று அவருக்காக இங்கிலீஷில் எழுதிப் போட்டவள் சென்டர்காரி சண்முகப்ரியா. செல்வநாயகி இறந்ததையும் எழுதவா என்று கேட்டதற்கு, "அத எதுக்கும்மா முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட" என்றுவிட்டார். "பதில் நெறைய வந்திருக்குதுண்ணே," என்று இப்போது ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்கிறாள். ஒருவர் பொம்மைகள் பளிச்சென்று விழுந்ததைப் பாராட்டுகிறார். இன்னொருவர் என்ன லென்ஸ் என்கிறார். பின்னால் மங்கியிருப்பது பிரமாதமாம். கடைசிப் பதிலில் அவள் குரல் இறங்குகிறது. "அந்தம்மாவ மறுபடி அதே எடத்துல நிக்க வச்சு, மொகத்துக்கு ஃபோகஸ் பண்ணி எடுங்கன்னு சொல்றாரு." அவள் விரல்கள் கீபோர்டின் மேல் அசையாமல் நிற்கின்றன. "என்னண்ணே போடட்டும்?"

கொளஞ்சிநாதன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரிங்கன்னு போடும்மா."