கயிற்றின் மறுமுனை

"உங்க பூனையைக் கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா ஞாயித்துக்கிழமை கார்ப்பரேஷன் வண்டியில ஏத்தி அனுப்பிடுவேன்," என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார் குடியிருப்பு செக்ரட்டரி.

"பூனை எங்கயாவது கயித்துல நடக்குமா சார்?" என்றாள் தரைத்தளத்து டெய்லரம்மா.

"ரூல்னா ரூல்! அப்புறம், அதுக்குத் திருட்டுத்தனமா தீனி போடறது யாருன்னு மட்டும் தெரியட்டும். பேரை நோட்டீஸ் போர்டுல ஒட்டி நாறடிக்கிறேன்."

டெய்லரம்மா பழைய ஜீன்ஸை வெட்டி, பூனைக்கு அளவெடுத்து, மார்புப் பட்டை தைத்தாள். மாட்டியதும் பூனை செத்ததுபோலச் சரிந்தது. கயிற்றை இழுத்தால் தரையோடு வழுக்கிக்கொண்டு வந்தது.

"நடை பழக்கறியா, வீட்டைத் துடைக்கிறியா?" என்றார் கணவர்.

போதாததற்குப் பட்டை வேறு இறுகிக்கொண்டே போனது. இரண்டு முறை பிரித்துத் தைத்தாள்.

"நான் வைக்கிறது ஒரு கிண்ணம் பால். இது எப்படி இப்படி ஊதுது?"

சனிக்கிழமை சாயங்காலம் வெளிக்கதவைத் திறந்ததும் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தது. டெய்லரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அது படியேற, அவளும் மூச்சு வாங்க ஏறினாள். மூன்றாவது மாடியில் ஒரு கதவின் முன் உட்கார்ந்து செல்லமாகக் கத்தியது.

கதவு ஒருக்களித்துத் திறந்தது. முதலில் ஒரு தட்டு மீன் வெளியே வந்தது, பிறகு கொஞ்சும் குரல்.

"வந்துட்டியாடி என் ராஜாத்தி? நேத்து பாதியை வெச்சுட்டுப் போயிட்டியே, கோவமா?"

குனிந்திருந்த செக்ரட்டரியின் கண்ணில் கயிறு பட்டது. அதன் வழியே பார்வை மெல்ல மேலேறியது.

"கயிறு கட்டித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன் சார்," என்றாள் டெய்லரம்மா. "அந்த நோட்டீஸ் போர்டு சாவியைக் கொஞ்சம் கொடுங்க."