துண்டு போட்ட பை

கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாச்சிமுத்துவின் கட்டிலுக்கு அடியில் சிறுநீர்ப் பை தொங்கியது. பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் அவர் மனைவி ராமாத்தாள் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள். கஞ்சி போட்ட சட்டை இல்லாமல் வாசலுக்குக்கூட வராத மனுசன், அவரும் அதைத்தான் விரும்பினார். பை காலியாகவே கிடந்தது. வாயில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவர் உதடு வெடித்திருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் ராமாத்தாள் சலைன் குழாயின் சக்கரத்தை உருட்டி வேகத்தைக் கூட்டிவிட்டாள். நர்ஸ் ஓடிவந்து குறைத்தாள்.

“வேகமா உட்டா நெஞ்சுல நீர் கோத்துக்குங்க்கா. மேல போறதையே பாத்துட்டு இருக்காதீங்க, கீழ பைல வருதான்னு பாருங்க. அது வந்தாத்தான் தேறுறாருன்னு அர்த்தம்.”

அதன்பிறகு ராமாத்தாள் துண்டை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல் குழாயில் மஞ்சளாய் ஒரு கோடு இறங்கியது. சாயங்காலம் பை கனத்துத் தொங்கியது.

அப்போதுதான் ஊரிலிருந்து அவள் தம்பி ஆப்பிள் பையோடு வந்து நின்றான்.

“மாமனுக்கு எப்படிக்கா இருக்குது?”

ராமாத்தாள் குனிந்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, பையைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். தம்பி கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“மூடு புள்ள” என்றார் நாச்சிமுத்து. பிறகு தலையை மெல்லத் தூக்கி, அவரும் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவன் சரியாப் பாக்கல. இன்னுங் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பு.”