பொடிக்காற்று

கொடிக்கயிற்றுக்குக் கீழே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் அவள்.

இன்றைக்கு எந்தக் கை நீளுகிறது, பார்த்துவிடலாம்.

தலைக்கு மேல் ஒரு முழ வெள்ளைத் துணி. புல் நடுகிற திட்டத்து ஆபீஸிலிருந்து கொடுத்த மூன்றில் மிஞ்சியது இது ஒன்றுதான். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை யார் கையும் படாமல் தொங்க வேண்டும். பிறகு உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். அதில் எவ்வளவு பொடி படிந்திருக்கிறது என்று அங்கே பார்ப்பார்கள்.

பொடி குறைந்திருந்தால், தெற்கே நிற்கிற மற்ற மூன்று மேட்டிலும் புல் நடலாம்.

இல்லையென்றால் அவ்வளவுதான். திட்டத்தை மூட்டை கட்டிவிடுவார்கள்.

அவள் வீட்டுக்கு மேற்கே நின்றது முதல் மேடு. தங்கம் எடுத்த பிறகு சுரங்கம் கொட்டிவிட்டுப் போன மாவு மண். சயனைடு ஊற்றி அலசிய மண். தங்கம் யார் யார் கழுத்துக்கோ போய்விட்டது, மண் மட்டும் இந்த ஊருக்கு. சுரங்கத்தை மூடி இருபது வருடமாகியும், ஆடி பிறந்தால் அது எழுந்து வீட்டுக்குள் வந்துவிடும். சோற்றில் விழும். கண்ணில் விழும். பிள்ளைகளின் நெஞ்சில் போய் உட்காரும்.

அந்த மேட்டில்தான் அவளும் பதினோரு பெண்களும் இரண்டு வருடம் கிடந்து மாய்ந்தார்கள்.

முதல் வருடம் நட்டதெல்லாம் கருகிப் போனது. பிறகு ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் பரப்பினார்கள். எரு போட்டார்கள். மண் சரியாமல் சணல் சாக்கை விரித்து முளையடித்தார்கள். ஆடு வாய் வைக்காத புல்லாக வெட்டிவேரைப் பார்த்து நட்டார்கள்.

இப்போது மேடு பச்சை. பார்க்கப் பார்க்க அவளுக்குத் தெவிட்டாது.

பச்சையாக இருந்து என்ன? ஆபீஸுக்குத் துணி வேண்டுமே.

துணிதான் கயிற்றில் நிற்கமாட்டேன் என்கிறது.

சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய இந்த வீட்டு வரிசைக்கு லைன் என்று பெயர். லைனில் ஒரு பழக்கம் உண்டு. காற்று எழுந்ததும் முதலில் பார்ப்பவர் 'பொடி வருது' என்று குரல் கொடுப்பார். யார் வீட்டுக் கொடி என்றெல்லாம் கிடையாது. கைக்கு எட்டின துணியை உருவிக்கொண்டு ஆளாளுக்கு உள்ளே ஓடுவார்கள். ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள்கூட எதிரியின் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவாள். சாயங்காலம் மடித்த துணி அவரவர் வாசலுக்கு வந்து சேரும்.

முதல் துணியை எதிர்வீட்டுக் குணசீலியக்கா காப்பாற்றினாள்.

காப்பாற்றியதோடு விட்டாளா? துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரியும் போட்டுக் கொடுத்தாள். அதைப் பார்த்த ஆபீஸ்காரர், நாங்கள் கொடுத்தபோதே இவ்வளவு வெள்ளையாக இல்லையே என்றார்.

இரண்டாவது துணியில் 'தொடாதீர்கள்' என்று எழுதி ஓர் அட்டையைக் குத்திவைத்தாள்.

துணியோடு சேர்ந்து அட்டையும் பத்திரமாக வந்தது.

"அட்டை அழுக்காப் பூடும்ல, ரெஜினா" என்றாள் அதே அக்கா.

ரெஜினா தெருவே கேட்கிற மாதிரி திட்டினாள். அக்கா அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

ஆகவே இன்று ரெஜினாவே காவல்.

பதினொன்றரைக்குக் காற்று எழுந்தது.

முதலில் வேப்பமரம் ஆடியது. அடுத்துத் தகரக்கூரைகள் தடதடத்தன. ரெஜினா எழுந்து, இரண்டு கையையும் விரித்து, துணிக்கு முன்னால் நின்றாள்.

'பொடி வருது' என்கிற குரல் எங்கிருந்தும் வரவில்லை.

காற்று இன்னும் வலுத்தது.

யாரும் ஓடி வரவில்லை.

நம் திட்டு வேலை செய்திருக்கிறது என்று முதலில் நினைத்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் கவனித்தாள். லைன் முழுக்க எல்லோர் துணியும் கொடியிலேயே கிடந்தது. சேலை, சட்டை, பள்ளிக்கூடச் சீருடை. எல்லாம் தாம்தூமென்று ஆடிக்கொண்டிருந்தன. எழுந்து வர ஒருவருக்கும் தோன்றவில்லை.

தெற்கே, மொட்டையாக நின்ற மூன்று மேட்டிலும் பொடி வெள்ளையாகக் கிளம்பி, அந்தப் பக்கத்து லைன்களை மூடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு வாசலில் குணசீலியக்கா குனிந்து நின்றாள். கீழே பழைய வேட்டி விரித்திருந்தது. அதில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள்.

ரெஜினாவுக்குப் பகீரென்றது. ஆடியில், திறந்த வாசலில், ஈர வடகம். அது தூசியை இழுக்கிற மாதிரி எந்தத் துணியும் இழுக்காது.

"இன்னாக்கா, காத்து அடிக்குதே, தெரியலையா?"

அக்கா நிமிரவில்லை.

"அடிக்கட்டும். சீக்கிரம் காயும். மருமவ மாசமா இருக்குது, வடகம் வேணும்னு கேட்டுச்சு. இல்லன்னு சொல்ல முடியுமா?"

ரெஜினா மேற்கே பார்த்தாள். மேட்டில் புல் மொத்தமும் ஒருபக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. அதற்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது.

காவலை மறந்து தெருவைத் தாண்டிப் போனாள்.

காலையில் பிழிந்த வரிசையில் பாதி காய்ந்த வடகம் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கடைவாயில் மெல்ல மென்றாள். நறநறப்புக்குக் காத்திருந்தாள். இந்த ஊரில் முளைத்த பல் அது, ஒரு துளி பொடி இருந்தாலும் சொல்லிவிடும்.

அக்கா பிழிவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தாள்.

ரெஜினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

"உப்புதான்க்கா கொஞ்சம் தூக்கல்" என்றாள்.