வாழைநார்ச் சட்டை

கண்காட்சியின் கடைசி நாள் மாலை. தான் வடிவமைத்த வாழைநார்ச் சட்டைகளை விற்க நின்ற சுகிர்தா, காலையிலிருந்து சொன்னதையே மறுபடியும் சொன்னாள்: “மண்ணுல புதைச்சா ஆறே மாசத்துல மக்கிரும்.” தொண்டை கட்டியிருந்தது. எல்லோரும் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு பெண் மட்டும் நின்று, வெள்ளைச் சட்டையின் தோளைச் சாண்போட்டு அளந்தாள்.

“யாருக்குக்கா?”

“வீட்டுக்காரருக்கு. இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்கோங்கன்னு ஆஸ்பத்திரியில அனுப்பிட்டாங்க. எங்கள்ல புதைக்கிறதுதான்.” அவள் விரல் பட்டன்மேல் நின்றது. “இதும் மக்கிருமா?”

பொய் சொல்லக்கூடச் சுகிர்தாவுக்குத் தெம்பில்லை. “இல்லக்கா, அது பிளாஸ்டிக். அப்படியே கெடக்கும்.” கத்தரியை எடுத்து, பட்டன்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். கடைசிப் பட்டனுக்கு வந்தபோது அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத விட்டுரும்மா. ஒண்ணாவது கெடக்கட்டும்.”