மூன்றாவது சம்மதம்

"தாராளமா அணைங்க மேடம். இதையெல்லாம் கேட்டுக்கிட்டா செய்வாங்க?"

மேஜை மேலிருந்த பெட்டி குழைவாகச் சொன்னது. பரிசோதனை அதிகாரி படிவத்தின் இரண்டாவது கட்டத்திலும் 'ஆம்' என்று குறித்துக்கொண்டார். எதிர் நாற்காலியில் இருந்த மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

பெட்டிக்குள் இருப்பவர் அவளுடைய கணவர், லிஃப்ட் மெக்கானிக். ஆனால் ஆயுசு முழுக்கப் படியேறியே போனவர். உடம்பு கைவிட்டதும் மனசை மட்டும் பெட்டியில் ஏற்றி ஒரு மாதம் ஆகிறது.

இப்படி ஏற்றிய மனசுக்கு உயிர்மேல் ஆசை மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதிகாரியின் வேலை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை கேட்பார். மூன்றுக்கும் சம்மதம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மறுபடி ஓட வைக்க முடியாது.

"இது அவரே இல்லைங்க" என்றாள் மனைவி. "பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறினாலே ஹெல்மெட் போடுற மனுஷன். ரெண்டு தும்மல் வந்தா ஸ்கேன் எடுக்கணும்பாரு. அவரா சரின்னு சொல்வாரு? கேள்வியை வேற மாதிரி கேட்டுப் பாருங்களேன்."

"படிவத்துல இருக்கறதை ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதும்மா. விளக்கமும் சொல்லக் கூடாது."

பத்து நிமிஷம் ஆனது. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு பெட்டியின் பக்கம் குனிந்து வாசித்தார்.

"மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். தங்களை நிரந்தரமாக அணைப்பதற்குத் தங்களுக்குச் சம்மதமா?"

"எனக்குச் சம்மதந்தான்" என்றது பெட்டி, குரலைத் தணித்து. "ஆனா என் வீட்டுக்காரி கொஞ்சம் வெளிய இருக்கட்டும். அவ முன்னாடி வேணாம்."

மனைவி உடைந்துபோனாள். "பாருங்க, போற நேரத்துலயும் என் மனசு நோகக் கூடாதுன்னு நெனக்கிறாரு." முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவர் அப்படி நினைத்ததில்லை. அதை நினைத்தபோது அழுகை இன்னும் கூடியது.

அதிகாரி மூன்றாவது கட்டத்தையும் குறித்துவிட்டு, பெட்டியின் பின்னாலிருந்த சுவிட்சுக்குக் கையை நீட்டினார். மனைவி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களை ஆஃப் பண்ணப் போறாங்க. அப்புறம் நீங்க இல்லவே இல்லை."

"ஐயோ, ஆஃபா?" பெட்டி அலறியதில் ஸ்பீக்கர் கரகரத்தது. "வேணாம், வேணாம். நான் இருக்கணும். முதல்ல அவங்களைக் கையை எடுக்கச் சொல்லு."

அதிகாரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அணைக்கச் சம்மதம்னு மூணு தடவை நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அணைக்கறதுன்னா..." பெட்டி இழுத்தது. "மேடம் கட்டிப்பிடிக்கத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சேன்."

அதிகாரி சட்டென்று நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பெட்டியின் பின்பக்கம் போனாள்.

"நீங்க தள்ளுங்க மேடம். நானே அணைக்கறேன்."